பித்தளைத் துண்டும் என் தலையும்

நகத்தில் கிரீஸோடு எல்லோர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் உட்கார்ந்த என் தம்பி சங்கரனுக்கு,

உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஒன்பது பத்துக் கேள்விகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே கேள்வியின் பிள்ளைகுட்டிகள். நீ இருந்தவரை உன் வண்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் டெல்லி மயூர் விஹார் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் சித்திரைக்கு ஒரு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதனால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். உன் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் பால்கனியில் வந்து நின்று முணுமுணுத்தவர்கள்தானே, அவர்களுக்கு இது புதிதில்லை.

எட்டிப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம்: சங்கரன் என்னைவிட மூன்று வயது இளையவன். லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தோம். அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தவர். பிறகு நான் ஓர் அமைச்சகத்தில் ஃபைல் தள்ளினேன், அவன் இன்னோர் அமைச்சகத்தில் ஃபைல் தள்ளினான். வாரத்தில் ஐந்து நாள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சனி ஞாயிறு கரோல் பாகில் ஹர்ப்ரீத்தின் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் பனியன். பார், உன்னைப் போய் 'அவன்' என்று எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

நம்மைவிடக் கொஞ்சம்தான் இளைய அந்த இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளை நீ எலும்பும் தோலுமாக வாங்கி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்றினாய். முன்பக்கத்தைத் தாழ்த்தி, பின்பக்கத்தை நீட்டி, நடுவில் வயிறு பெருத்த சைலன்சர் இரண்டை நீயே வெல்டு வைத்தாய். கால் மைல் தூரம் நேராக ஓடி நிற்க மட்டுமே ஆன வண்டி. ஒரு வளைவுகூடக் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற ஒன்றுக்காக நாலு வருடம் உழைத்தாய். இதில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி இருந்ததாம். கிளம்பும்போது சிட்டாகப் பறக்குமாம். கடைசி நூறு கஜத்தில் பொருமத் தொடங்கும், புகை கக்கும், பக்கத்தில் வருகிறவன் முந்திவிடுவான். ஒன்பது வருடம் இப்படியே தோற்றிருக்கிறாய். என்னடா இது என்று ஹர்ப்ரீத் கேட்டால் சிரித்து மழுப்புவாயாம். டெல்லியில் பாதிப் பேர் தங்கள் பழைய வண்டிக்கு உன்னிடம்தான் வைத்தியம் பார்த்தார்கள் என்கிறார் அவர். உன் வண்டிக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை?

போன ஆகஸ்ட்டில் நீ போய்விட்டாய். வண்டியில் இல்லை, ஆபீஸ் நாற்காலியில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால். அத்தனை வருடம் நான் அந்த வண்டியை எமன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன், எமன் நாற்காலியில் வந்தான். உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஜனவரியில் உன் மகள் நந்தினி வந்து சொன்னாள்.

"அத்தை, அப்பாவோட வண்டிய நான் ஓட்டப் போறேன். ஃபர்வரில ரேஸ். ஹர்ப்ரீத் அங்கிள் ரெடி பண்ணித் தர்றேன்னாங்க."

"ஒங்கம்மா என்ன சொன்னா?"

"அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. நீங்க கூட வந்தா போகலாமாம்."

உன் மீனாவுக்கு போன் போட்டேன். "மதினி, நான் வேண்டாம்னு சொன்னா மட்டும் கேப்பாளா? நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா எனக்கு அது போதும்" என்றாள். உன் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான், கடைசியில் என் தலையில் கொண்டுவந்து வைப்பீர்கள்.

நான் நந்தினியோடு கரோல் பாக் போனேன், எப்படியாவது தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில். ஹர்ப்ரீத் ஆக்ஸிலேட்டர் கேபிளை மாற்றுவதற்காகக் கைப்பிடியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே எதையோ பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு பித்தளைத் துண்டு. சுண்டு விரல் நகத்தளவு. அரத்தால் ராவி, ஓரம் மழுங்கத் தேய்த்து, இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தாய். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் முக்கால் வந்ததும் அந்தத் துண்டு மறித்துவிடும். அதற்கு மேல் போகாது.

"இது யார் வேலை?" என்றார் ஹர்ப்ரீத். "வேகத்துக்காக எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தவன், கைப்பிடிக்குள் தானே முட்டுக்கட்டை வைப்பானா? தீதி, உங்கள் தம்பிக்குப் பைத்தியமா?"

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் இந்த வண்டியின் முதல் பந்தயத்திலேயே பாதியில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இடது கை தொட்டிலில் தொங்கியது. நான் உன் வலது கையைப் பிடித்து இழுத்து என் உச்சந்தலையில் வைத்தேன்.

"இனிமே ரேஸுக்குப் போமாட்டேன்னு எந்தலைல கைவச்சு சத்தியம் பண்ணுல."

"அது மட்டும் முடியாதுக்கா."

"அப்பம் பாதிதான் முறுக்கணும்."

"பாதி முறுக்குனா பால்காரன் சைக்கிள்ல முந்திட்டுப் போயிருவான்."

"சரி, முக்கால். அதுக்கு மேல ஒரு நூல் போகப்பிடாது. சொல்லு."

மண்டியில் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசுவது போலப் பேசி முக்காலில் வந்து நின்றோம். நீ சிரித்துக்கொண்டே, "சத்தியமா முழுசா முறுக்க மாட்டேன், ஒன் தலை தப்பிச்சிது போ" என்றாய். நர்ஸ்கூடச் சிரித்தாள். கட்டுப் பிரித்த மறுவாரமே அதைக் காற்றில் விட்டிருப்பாய் என்றுதான் நான் நினைத்தேன். பயத்தில் கேட்கிற சத்தியத்தை யார் இவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள்?

நீ வைத்திருந்தாய். பந்தய வேகத்தில் கை தன்னை மறந்து முறுக்கிவிடும் என்று உன் கையைக்கூட நம்பாமல், வண்டிக்குள்ளேயே பித்தளையில் வைத்திருந்தாய்.

இதைச் சொல்லி முடித்ததும் ஹர்ப்ரீத் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். "கசம், அந்தச் சத்தியம், உங்கள் தலைமேல். இதை நான் தொட மாட்டேன். எடுப்பதென்றால் நீங்களே எடுங்கள், இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்." நந்தினி என்னையே பார்த்தாள்.

எனக்கு என்ன ஆசை தெரியுமா? அந்தத் துண்டு இருக்கட்டும் என்று சொல்லத்தான் ஆசை. ஓட்டப்போவது உன் ஒரே பெண். முக்காலில் ஓடினால் முக்கால் பயத்தோடு போய்விடும். ஆனால் கைப்பிடியில் உன் அரத்தின் கீறல்களைப் பார்க்கப் பார்க்க, இன்னொரு பிள்ளையையும் இப்படிக் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். ஒன்று கைநழுவிக் கீழே விழுந்து, மூன்று பேரும் தரையில் தேடினோம்.

இதோடு முடியவில்லை. ஹர்ப்ரீத்துக்கு வேறு கவலை வந்தது. முழுசாக முறுக்கும்போது என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை கார்புரேட்டருக்குள் இருக்கிற ஒரு சின்னத் துளைதான் தீர்மானிக்குமாம், அதற்கு மெயின் ஜெட் என்று பெயர். முக்காலோடு நிற்கிற வண்டிக்கு நீ சின்ன ஜெட்தான் போட்டிருப்பாய், அதோடு முழுசாக முறுக்கினால் பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடேறி இறுகிவிடும், ஓடுகிற வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்றார். இரண்டு கார்புரேட்டரையும் திறந்தார்.

உள்ளே பெரிய ஜெட். முழு முறுக்குக்கு எது வேண்டுமோ, அச்சாக அது. இரண்டிலும்.

"இதுதான் வியாதி!" என்று தொடையில் தட்டினார் ஹர்ப்ரீத். "இவ்வளவு பெரிய ஜெட்டைப் போட்டு முக்காலில் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிப் பொருமத்தான் செய்யும், புகை கக்கத்தான் செய்யும். சின்னதாக மாற்றியிருந்தால் முக்காலிலேயே இன்னும் நன்றாக ஓடியிருக்கும். இது அவனுக்குத் தெரியாதா என்ன?"

என் கேள்வி இதுதான் சங்கரா. தெரிந்தும் ஏன் மாற்றவில்லை?

என்ஜின் பத்திரமாக இருக்கட்டும் என்று செய்திருப்பாய் என்கிறார் ஹர்ப்ரீத். "அத்தை, நீங்க என்னிக்காவது கசம் வாபஸ் வாங்குவீங்கன்னு அப்பா ரெடியா வச்சிருந்தாங்க" என்கிறாள் நந்தினி. எது சரி? நந்தினி சொல்வதுதான் சரி என்றால், நீ ஏன் வாய் திறந்து கேட்கவில்லை? கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று பயமா? சொல்லியிருப்பேனோ? ஒரு தடவையாவது வந்து உன் வண்டி பொருமுவதைக் காதால் கேட்டிருந்தால் என்ன ஏது என்று விசாரித்திருப்பேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் வரவில்லையே.

பிப்ரவரியில் போனேன். நம் டெல்லியில்தான் இத்தனை வயதான வண்டி ரோட்டில் ஓடக் கூடாதே, அதனால் கரோல் பாகில் சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி அந்த ஓடுதளத்துக்குப் போனோம். பனி விலகி வெயில் வந்தபிறகுதான் தொடங்கினார்கள். எங்கு பார்த்தாலும் உன்னைப் போல ஆபீஸ் முகங்கள், நகத்தில் கிரீஸ். காற்றில் விளக்கெண்ணெய் வாசம். சின்ன வயதில் அம்மா நம் இரண்டு பேர் மூக்கையும் பிடித்துப் பேதிக்கு ஊற்றுவாளே, அதே வாசம். பந்தய வண்டிக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்று நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?

நந்தினிக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் பச்சை விளக்கு விழுந்ததும் பாய்ந்தாள். எனக்கு உயிர் கையில் இல்லை. ஆனால் கடைசி நூறு கஜத்தில் வண்டி பொருமியது. புகை கக்கியது. பக்கத்துப் பையன் முந்திவிட்டான். ஹர்ப்ரீத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். துண்டும் இல்லை, ஜெட்டும் சரி, பிறகு ஏன்?

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நான் முக்காலுக்கு மேல முறுக்கல அத்தை."

"ஏன்ட்டி, பயந்துட்டியா?"

"நீங்கதான். கிளம்பறதுக்கு முன்னாடி வேலிப் பக்கம் பாத்தேன். ரெண்டு கையும் தலை மேல வச்சுட்டு நின்னீங்க. எனக்கு முறுக்கவே மனசு வரல."

எனக்குத் தெரியவே தெரியாது, சங்கரா. கை தானாகப் போயிருக்கிறது. அப்படியே அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவே, நீ ஆரம்பக் கோட்டில் நிற்கும்போதெல்லாம், நான் வராமலே, உன் கண்ணுக்கு நான் இப்படித்தான் தெரிந்திருப்பேனோ என்று தோன்றியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "அடுத்த தடவ நீ என்னப் பாக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு. முழுசா முறுக்கு."

இரண்டாவது ஓட்டத்துக்கு வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். விளக்கு பச்சையானது. போனாள். நூறு கஜம் இருக்கும்போது நான் பொருமலுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. சத்தம் மேலே மேலே ஏறிச் சீராகப் போய்க்கொண்டே இருந்தது. புகை இல்லை. ஹர்ப்ரீத் ஏதோ பஞ்சாபியில் கத்தினார். நான் தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று இந்த மலரில் எழுத முடியாது.

நந்தினி ஜெயிக்கவில்லை, எல்லோர் நேரத்தையும் வரிசைப்படுத்தியதில் நான்காவதாக வந்தாள். ஆனால் உன் நோட்டில் நீ குறித்து வைத்திருக்கிற எல்லா நேரத்தையும்விடக் குறைவான நேரம். உன் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. அது எனக்கு ஆறவே ஆறாது.

இன்னொன்று. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் எனக்கு போன் செய்வாய். ஜெயித்தேன் தோற்றேன் என்று ஒன்றும் சொல்ல மாட்டாய். "அக்கா, தலை நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்பாய். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அதைத்தான் விசாரிக்கிறான் என்று நினைத்து, "தைலம் போட்ருக்கேன், நீ போனை வையி" என்பேன். இப்போதுதான் புரிகிறது, நீ கணக்காக வாக்கைக் காப்பாற்றிவிட்டு, அது வேலை செய்கிறதா என்று சரிபார்த்திருக்கிறாய்.

அன்று ஓடுதளத்திலிருந்து வீட்டுக்கு வந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

உன் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவளும் கேட்கட்டும், நீயும் கேள்: இனி யார் கையையும் எடுத்து என் தலையில் வைக்க மாட்டேன். அவள் ஓடுகிற ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருவேன். பயமாகத்தான் இருக்கும், அதை வேலிக் கம்பியில் காட்டிக்கொள்கிறேன். பித்தளைத் துண்டு என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நீ கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை முழுசா முறுக்கிட்டா. தலை நல்லா இருக்கு.

உன் அக்கா,
சாந்தி