காலிப் பக்கத்தில் கையெழுத்து

மணலி புதுநகர் அருகே
18.11.2024

அன்புள்ள ரோசிக்கு,

ஜெரினா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் லியோனார்டும் நலம்தான், ராயபுரத்துப் புது வீட்டுப் படம் பார்த்தேன். எட்டு முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. காகிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரை மாநகராட்சியோடு சேர்க்கச் சம்மதம் என்று அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் தீர்மானம் போட்டோமாமே! வார்டு மெம்பர் எனக்கே தெரியாமல் எப்போது போட்டோம்? அன்று வந்தது பதினோரு பேர். தெருவிளக்கு பற்றிப் பேசினோம், டீ குடித்தோம், கலைந்தோம். ஆள் போதவில்லை என்று நீ சொன்னதும், வழக்கம்போல நான்தான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனேன். பழைய குடும்பங்கள் பாதி மாத்தூருக்குப் போய்விட்டன. வாடகைக்கு வந்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வேறென்ன செய்ய? கையெழுத்துகளுக்கு மேலே, தீர்மானம் எழுதும் பாதிப் பக்கம் காலி. ஊராட்சி செயலர் நீ, பிறகு எழுதிக்கொள்வாய். ஐந்து வருடமாக அப்படித்தானே?

அந்தக் காலி இடத்தில் என்னடி எழுதினாய்?

விதவை அஜீசுன்னிசா நேற்று என் வாசலில் நின்று கத்தினாள்: "ஊரு டவுனாயிட்சாம், இனிமே நூறு நாள் வேலை கெடையாதாம்! நீதானேம்மே வூடு வூடா வந்து கையெழுத்து வாங்கிகினு போன? இப்ப சோத்துக்கு இன்னா பண்றது?"

நாற்பது பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. பதில் போடு.

ஜெரினா

ராயபுரம்
25.11.2024

பிரியமுள்ள ஜெரினா,

கோபப்படாதே. ஆமாம், நான்தான் எழுதினேன். வாசகத்தை மேலேயிருந்தே கொடுத்தார்கள். யோசித்துப் பார், பதினோரு பேரை வைத்து நாம் நடத்தியது நாடகம்தானே? இனி குழாயில் தண்ணீர் வரும், குப்பை வண்டி தினமும் வரும், சான்றிதழ் போனிலேயே கிடைக்கும். ஊர் என்றைக்கோ நகரமாகிவிட்டது. நாம்தான் பழைய நோட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

உன்னிடம் மறைப்பானேன்? மாநகராட்சியில் எனக்கு நிரந்தர வேலை என்றார்கள். லியோனார்டுக்கு ஹார்பரில் வேலை போய் இரண்டு வருடமாகிறது.

இதை யாரிடமும் சொல்லிவிடாதே. சொன்னால் நீயும்தான் மாட்டுவாய். கையெழுத்து வாங்கியவள் நீ.

என்றும் உன்,
ரோசி

மணலி புதுநகர் அருகே
2.12.2024

ரோசி,

என்னையே மிரட்டுகிறாயா?

குழாய் வேண்டாமென்று நான் சொன்னேனா? குப்பை வண்டி வந்தால் எனக்குக் கசக்குமா? எங்களைக் கேட்டிருக்கலாம். பாதிப் பேர் சரி என்றே சொல்லியிருப்பார்கள். அஜீசுன்னிசா முடியாது என்றிருப்பாள். அவள் பெயரை வைத்தே அவள் வாயை அடைத்துவிட்டாய். உனக்கு நாடகம். வெயிலில் தெருத்தெருவாக அலைந்த எனக்கு அது நாடகமில்லை.

உன்மேல் இருப்பதைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். காலிப் பக்கத்தை ஊராரிடம் நீட்டியவள் நான். உன்னை அவ்வளவு நம்பினேன்.

இன்று காலை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்கியது நான் என்று எழுதி, என் பெயரை முதலில் போட்டேன். மனுவை வாங்கிய அதிகாரி, "தீர்மானம் அப்புறம்தான் எழுதினாங்கன்றதுக்கு இன்னாம்மா ஆதாரம்?" என்று கேட்டார்.

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஜெரினா,
மூன்றாவது வார்டு உறுப்பினர்