எக்ஸ்பிடைட்

புதுவாயல்,
12-9-1979

அன்புள்ள குணாவுக்கு,

உன் சுப்பிரமணி எழுதுவது. நான் நலம். நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலம் என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாக உன் அண்ணன் அப்பாவு எழுதியிருந்தார். எட்டாவது மாதம் பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன முறை நடந்ததை நினைக்காதே. நானும் நினைப்பதில்லை.

"பள்ளிப்பட்டுக்கு வரக்கூட நேரமில்லாம அங்க இன்னாதான் டைப் அடிச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டிருந்தாய். எல்லாம் ஒரே வார்த்தைதான்: எக்ஸ்பிடைட். கம்பெனிக்கு இரும்புத் தகடு வரவில்லையா, எக்ஸ்பிடைட். லாரி கிளம்பவில்லையா, எக்ஸ்பிடைட். சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று பொருள். ஓடுகிறவனைப் பார்த்து வேகமாக ஓடு என்று சொல்ல இது உதவாது. தேங்கிக் கிடக்கும் வேலையை நகர்த்தத்தான்.

நேற்று பக்கத்து நாற்காலி ஜோசப் பெரிய அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். "இத்தப் பாருப்பா, லத்தீன்லேர்ந்து வந்துக்கீது. கால்ல மாட்டுன வெலங்க அவுத்து வுடறதாம்" என்றான். எனக்குக் கட்டிலில் அசையாமல் கிடக்கும் உன் கால்கள் நினைவுக்கு வந்தன. மானேஜர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்த என் லீவு விண்ணப்பத்தைப் புதிதாக அடித்து, கடைசி வரியில் அந்த வார்த்தையையும் சேர்த்து நேரில் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "யோவ், தகடுக்கு எழுதறத பொண்டாட்டி பிரசவத்துக்கு எழுதிக்கினு வந்துக்கிறியே!" என்று சிரித்தார். ஒரு மாத லீவு எதற்கு என்றும் கேட்டார். முதல் பிள்ளை எட்டாம் மாதமே பிறந்து, தங்காமல் போனதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "கொழந்தைய மட்டும் எக்ஸ்பிடைட் பண்ணாதீங்க. நிதானமா வரட்டும்" என்றார். வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறேன். திருவள்ளூரில் பஸ் மாறி, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். நீ கேட்ட நெல்லிக்காய் ஊறுகாய் வாங்கி வைத்திருக்கிறேன். ஜோசப் பாதியைத் தின்றுவிட்டான், கோபித்துக்கொள்ளாதே.

கிணற்றடிக்குப் போகாதே. உன் அம்மா சொல்வதைக் கேள். வலி எடுத்தால் பயப்படாதே, இந்த முறை நான் பக்கத்திலேயே இருப்பேன். வீரராகவப் பெருமாள் துணையிருக்கட்டும். நான் வந்து சேரும்வரை நீ இரண்டு உயிராகவே இரு, குணா.

என்றும் உன்,
சுப்பிரமணி