காலி செய்யச் சொல்லும் கடிதம்

மார்ச் 4
மணிக்கட்டு இன்னும் தேறவில்லை. தையல் ஆலையில் அரை நாள் வேலை, அரைச் சம்பளம். வாடகை ஐந்து மாதம் நிற்கிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

மார்ச் 6
சேமநிதி அலுவலகம் போனேன். பத்தொன்பது வருடமாகச் சம்பளத்தில் பிடித்த பணம். ஓய்வுக்கு முன்னால் எடுக்க, கஷ்டத்தை நிரூபிக்க வேண்டுமாம்.

"வீட்ட காலி பண்ணச் சொல்லி ஓனர் கொடுத்த லெட்டர் இருக்கா?" என்றார் குமாஸ்தா.

"அவங்க அப்படிச் சொல்ற ஆளே இல்ல சார்."

"அப்போ உங்களுக்குக் கஷ்டமும் இல்லம்மா."

கஷ்டப்படுவதற்கும் தகுதி வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 9
அக்கா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். 'இவர் நல்லவர். வாடகையை முடிந்தபோது தரட்டும். தயவுசெய்து உதவுங்கள்.'

மார்ச் 11
மனு தள்ளுபடி. "இது சிபாரிசுக் கடிதம்மா."

மார்ச் 12
இந்த முறை நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். 'ஐந்து மாதமாக வாடகை தரவில்லை. பலமுறை கேட்டும் பயனில்லை. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.' அதில் ஐந்து மாதம் மட்டும்தான் நிஜம்.

ஐந்து என்ற இடத்தில் பேனா நின்றது. "அஞ்சா? நான் மூணுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. "உனக்காகத்தான் எழுதறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 20
அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். வாசலிலேயே அக்காவிடம் கேட்டார். "பணம் வரலன்னா நிஜமாவே வெளிய அனுப்பிடுவீங்களா?"

நான் படியில் நின்றிருந்தேன். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா. எத்தன மாசம்தான் பொறுத்துக்கறது?"

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மார்ச் 21
எனக்காகச் சொன்னாங்களா? இல்ல, மனசுல இருந்ததே அதுதானா? கேட்டுடலாமா — கேட்டு என்ன ஆகப் போகுது. எழுத வச்சதே நான்தானே. எங்கிட்ட காரியம் எதுவும் இல்லாம சும்மா பேசற ஒரே ஆள் அவங்கதான்.

மார்ச் 27
கீழே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2
பணம் வந்துவிட்டது. வீடு தப்பியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3
பாக்கி வாடகை முழுவதையும் மொத்தமாகக் கொடுத்தேன். எப்போதும் எண்ணாமல் டப்பாவில் போட்டுக்கொள்கிறவர், நின்றபடியே இரண்டு தடவை எண்ணினார். உள்ளே போய் ரசீது எழுதிக்கொண்டு வந்தார். ஏழு வருடத்தில் முதல் ரசீது.

"இனிமே அஞ்சாம் தேதிக்குள்ள கொடுத்துடுங்க" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.