தட்டிப் பார்த்த பல்

பாய்,

ஈரேழு உலகிலும் ஒருவர்கூட நம்ப மாட்டார் என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

இன்று காலை திருவள்ளூரில் ஒரு பல் டாக்டர் என் தாடை எலும்பில் டைட்டானியத் திருகு ஒன்றை இறக்கினார். ஈறுக்கு மேலே மொட்டு மாதிரி ஒரு மூடி. வாயெல்லாம் கிராம்புத் தைல வாடை. "மூணு மாசம் ஆட்டாதீங்க, எலும்பு வந்து புடிக்கணும்" என்றார். அந்த வாடையோடு நீங்களும் வந்து நின்றுவிட்டீர்கள்.

கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் நாம் இருவரும் பூச்சு உலகின் சக்கரவர்த்திகள். தேய்ந்த பம்புத் தண்டின்மேல் நான் மணலடித்துச் சொரசொரப்பாக்குவேன். நீங்கள் உலோகத்தை உருக்கித் தெளிப்பீர்கள். ஆறியதும் ஸ்பானரால் ஒரு தட்டு. கணீரென்றால் பூச்சு பிடித்துக்கொண்டது, டொக்கென்றால் பிரிந்துகிடக்கிறது. என் தட்டுக்குச் சூளூர்பேட்டை வரை ரயில் சிக்னல் விழும்.

மகள் நிக்காஹுக்குள் முன்பல் வேண்டுமென்று பொன்னேரி டாக்டரம்மாவிடம் திருகு போட்டுக்கொண்டு வந்தீர்கள். அதற்கும் பூச்சு உண்டென்பதில் உங்களுக்கு அத்தனை பெருமை. "எலும்புல இருக்கிற அதே சத்தைப் பூசிக்கீறாங்கடா. சொந்தக்காரன்னு நெனச்சு எலும்பு சீக்கிரமா கட்டிப் புடிச்சுக்குமாம்."

"புடிச்சுதான்னு பாத்துரலாம். வாயத் தொறங்க பாய்."

"டாக்டரம்மா தொடவே கூடாதுன்னு சொல்லிகீதுடா."

"அவங்களுக்குப் பல்லு தெரியும். பூச்சு தெரியுமா?"

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தீர்கள். சின்ன ஸ்பானரால் தட்டினேன். அன்றோடு விட்டேனா? டீ வரும்போதெல்லாம் தட்டினேன், ஆட்டியும் பார்த்தேன். பட்டறையே கூடி நின்று காது கொடுத்தது. ஒரு நாள் டொக்கென்றது.

டாக்டரம்மா திருகை விரலாலேயே எடுத்துவிட்டார். "பூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. எலும்பு புடிக்க வர்றப்பல்லாம் யாரோ அசைச்சிருக்காங்க. அப்புறம் எந்தப் பூச்சு நிக்கும்? யாரு செஞ்சது?"

பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஊரைத் தூக்கும் என் வாய் திறக்கவில்லை.

"நான்தாம்மா. நாக்கு சும்மா இருக்க மாட்டேங்குது" என்றீர்கள். மகள் வயதுப் பெண், உங்களைப் பள்ளிப் பிள்ளையைப் போலத் திட்டினாள். வெளியே வந்ததும், "மூஞ்ச இன்னாத்துக்கு இப்டி வெச்சுக்கினுகீற? வா, டீ குடிக்கலாம்" என்றீர்கள்.

நிக்காஹ் வீடியோ சிடியில் ஆரம்பம் முதல் கடைசிவரை கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான், பழவேற்காடு ஏரியில் சுறா ஒன்று பாயோடு மல்லுக்கட்டிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போன கதையை அளந்தேன். பந்தியே சிரித்தது. நீங்களும் கர்சீப்புக்குள் சிரித்தீர்கள், என் பக்கம் பார்க்காமல்.

எலும்பு ஆறியபின் போட்ட இரண்டாவது திருகு உங்கள் கடைசி நாள்வரை நின்றது. அதன் அருகே ஒரு முழத்துக்குள் நான் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி மகள், "காட்டு பெரிப்பா, ஆடுதா?" என்று கை நீட்டினாள். சட்டென்று கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். உங்களைப் போலவே, பாய்.

"பழைய பல்லு எப்டிப் போச்சு?" என்றாள்.

"சுறா" என்றேன். அவள் நம்பவில்லை.

சுறா பொய். சூளூர்பேட்டை சிக்னல் பொய். ஸ்பானர் மட்டும் நிஜம்.