ஐந்து மணிக்கு முன் ஒரு தேநீர்க் குவளை

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. திட்டக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒருவழியாக முடித்தேன். ஒரு கவுன்சிலர் அரை மணி நேரம் கத்தியதை ‘உறுப்பினர் கவலை தெரிவித்தார்’ என்று மூன்று சொல்லில் அடக்கியாயிற்று. இந்தப் பிழைப்பில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

மத்தியானம் அந்தச் செய்தி வந்தது. எங்கள் மூன்று ஊர்க் கவுன்சில்களும் ஒன்றாக இணையப் போகின்றன என்பது ஊரறிந்த கதை. ஆனால் ஜனநாயகச் சேவைப் பிரிவுக்கு இனி ஒரே தலைவர்தானாம். இப்போது மூன்று பேர் இருக்கிறோம்: மார்ஃபெலில் நான், கெஸ்வித்தில் டெஸ்மண்ட், பென்டனில் ஊனா. பேருக்குத்தான் பெரிய பிரிவு. கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பி, மேயர் காதில் விதியை ஓதி, யார் என்ன தீர்மானித்தார்கள் என்று எழுதி வைக்கும் ஆட்கள் நாங்கள்.

பிப்ரவரி 7, சனி

வழக்கம்போல நாற்றுப் பண்ணைக் கஃபேயில் மூவரும். யாரும் பேச்சை எடுக்கவில்லை. ஸ்கோன் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஊனாதான் போட்டு உடைத்தாள்.

“நான் விண்ணப்பிக்கல. ரெண்டு வருஷத்துல ஓய்வு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்குங்க, நான் வேடிக்கை பாக்குறேன்.”

டெஸ்மண்ட் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரையே போடுவதில்லை.

“நீ விண்ணப்பம் போடுறியா, ஹெஸ்டர்?”

“போடாம? நீ?”

“போட்டுட்டேன்.”

சிரித்தோம். சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே போயிற்று. வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்: இந்த வேலை எனக்கு வேண்டும். ஆசை என்று மழுப்ப மாட்டேன், வேண்டும். பதினெட்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காதில் ஓதியவளுக்கு, ஒரு தடவையாவது என் பெயர் கதவில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

எழுதித்தான் தீர வேண்டும்.

எங்கள் கவுன்சிலில் கூட்டம் இரண்டிலிருந்து ஐந்து வரை, மூன்று மணி நேரம்தான். அதற்கு மேல் நடத்த வேண்டுமானால், நேரம் முடியுமுன் நீட்டிக்கத் தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் பிறகு எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. அதை மேயருக்கு நினைவூட்டுவது என் வேலை. எனக்கு நினைவூட்டுவது டெஸ்மண்ட். எங்கள் மூவருக்குள் அப்படி ஒரு பழக்கம். ஒருவர் ஊரில் பெரிய கூட்டம் என்றால் இன்னொருவர் நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் நெருங்கும்போது செல்பேசியில் ஒரு தேநீர்க் குவளைப் படம் வரும். மேடையில் இருப்பவருக்கு அமளியில் கடிகாரம் கண்ணில் படாது, அதனால்தான்.

இன்று நீச்சல் குளத்தை மூடும் தீர்மானம். பார்வையாளர் பகுதியில் துண்டும் நீச்சல் தொப்பியுமாக நூறு பேர். திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கும் ஒரு திருத்தம். நான் ஒரு கையால் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, மறு கையால் மேயரின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

குவளை வரவில்லை.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் குளத்தை மூட முடிவானது. ஜனம் அழுதது. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஐந்து தாண்டி ஆறு நிமிடம்.

பிப்ரவரி 27, வெள்ளி

குளத்துக்காக வாதாடிய திருமதி டிரான்டர் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். முடிவு செல்லாது. மறுபடி கூட்டம், மறுபடி வாக்கெடுப்பு. உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயரில்லை, ‘அதிகாரியின் கவனக்குறைவு’ என்று மட்டும். எல்லாருக்கும் தெரியும் எந்த அதிகாரி என்று.

அவன் வேண்டுமென்றே செய்தானா? டெஸ்மண்டா? ச்சே. ஆனால் ஏன் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை?

மார்ச் 2, திங்கள்

இன்றும் அழைக்கவில்லை. மகராசன், நேர்காணலுக்குத் தயாராகிறான் போல.

மார்ச் 7, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊனா காரோடு வாசலில் வந்து நின்றாள்.

டெஸ்மண்ட் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

“நீங்க அன்னைக்குக் கூட்டத்தைப் பாத்தீங்களா இல்லையா?”

“‘நீங்க’ன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா?”

“பதில் சொல்லுங்க.”

“பாக்கல.” அவன் முகம் சிவந்தது. “பாக்க முடியல, ஹெஸ்டர். நாம ரெண்டு பேரும் ஒரே வேலைக்கு நிக்கிறோம். நீ எங்க தடுமாறுவேன்னு உக்காந்து பாக்குற மாதிரி இருந்துச்சு. எனக்கே அசிங்கமாப் போச்சு. மூடி வச்சிட்டேன்.”

“அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொன்னா, பாத்தியா நான் எவ்வளவு யோக்கியன்னு பீத்திக்கிற மாதிரி இருக்கும்.”

ஊனா தலையில் அடித்துக்கொண்டாள். “உன் யோக்கியத்தைக் கொண்டுபோய்க் குளத்துல போடு. அதுவும் இப்ப திறந்துதான் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும். அவனை நம்புகிறேன். இந்த மாதிரி முட்டாள்தனம் அவனுக்கு மட்டும்தான் வரும். ஆனாலும் உள்ளே ஏதோ ஆறவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அது யார் மேல் ஆறாத கோபம் என்று சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

மறு வாக்கெடுப்பு. போன முறை காய்ச்சலில் கிடந்த கவுன்சிலர் இந்த முறை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து கை தூக்கினார். குளம் பிழைத்தது. திருமதி டிரான்டர் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். “நீ தப்பு பண்ணதுக்குப் புண்ணியம் உண்டும்மா!” இதை நேர்காணலில் சொல்ல முடியுமா?

மார்ச் 24, செவ்வாய்

நேர்காணலில் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். டெஸ்மண்ட் பெயரையோ குவளையையோ எடுக்கவில்லை, “கடிகாரம் பார்ப்பது என் பொறுப்பு” என்று மட்டும். நேர்காணல் குழுவில் இருந்த மூவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், இனி எதுவும் நடக்காது என்பதற்கு நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதும் வரி அது. ‘உறுப்பினர்கள் அறிக்கையைக் கவனத்தில் கொண்டனர்.’

மார்ச் 27, வெள்ளி

வேலை டெஸ்மண்டுக்கு.

மார்ச் 28, சனி

வலிக்கிறது. வாழ்த்துச் சொல்லிவிட்டேன், மனதாரத்தான் சொன்னேன், ஆனாலும் வலிக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன். குழுக் கூட்டங்கள் அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்காம், அவனுக்கு அடுத்த நிலையில். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கஃபேக்குப் போகவில்லை.

ஏப்ரல் 25, சனி

இந்த மாதம் முழுக்கக் கஃபே பக்கம் போகவில்லை. குளத்துக்குப் போனேன். தண்ணீர் ஒரே குளிர். காப்பாற்றியதற்குக் கொஞ்சம் சூடாவது வைத்திருக்கலாம்.

மே 21, வியாழன்

புதிய கவுன்சிலின் முதல் கூட்டம். எனக்கு விடுப்பு. பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கணினியைத் திறந்தேன்.

கூட்டத் தலைவர் நாற்காலியில் புது ஆள், பாவம், மைக்கையே தேடுகிறார். பக்கத்தில் டெஸ்மண்ட், புது டை. அவன் முன்னால் மேசையில் சமையலறைக் கடிகாரம் ஒன்று, தக்காளி வடிவில். நிமிர்த்தி, தன் முகத்தைப் பார்க்க வைத்திருந்தான். பாவி, தனக்காக நேரலையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டான்.

புதுக் கவுன்சிலுக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை. மூன்று ஊரும் விட்டுக் கொடுப்பதாக இல்லை. இங்கும் அதே மூன்று மணி நேர விதிதான், மணி ஐந்தை நெருங்கியது. அவனிடம்தான் கடிகாரம் இருக்கிறதே, நான் எதற்கு?

அனுப்பினேன். ஒரு குவளை.

திரையில் அவன் செல்பேசியைப் பார்த்தான். பிறகு அந்தத் தக்காளியை எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்தான். தலைவர் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ ஓதினான். கைகள் உயர்ந்தன. கூட்டம் நீட்டிக்கப்பட்டது.

நாளைக்கு அவனிடம் அந்தக் குழுக் கூட்ட வேலைக்குச் சரி என்று சொல்ல வேண்டும்.