அலர்ஜி சிரப்பும் என் பொறாமையும்

அக்கா,

இன்று மத்தியானம் பேரனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சாந்தி அலர்ஜி சிரப்பைத் திறந்ததும் அந்தத் தித்திப்பு வாசனை வீடு முழுக்கப் பரவியது. "அளவு மூடியிலதான் ஊத்தணும்னு பெரிம்மா சொல்லும்" என்றாள். அந்த மூடியைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்ததே நான்தான். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் பெயர் உங்களுக்கே.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். நீங்கள் என் மூத்தாரின் மனைவி, ஸ்ரீபெரும்புதூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைப்பாக்கத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். உங்களுக்கு இரண்டு பையன்கள் இருந்தும், என் ஒரே பெண்ணுக்கு உடம்பு அரித்தால் அவள் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடுவாள். நான் ஊற்றினால் துப்புகிற மருந்தை உங்கள் மடியில் உட்கார்ந்து சமர்த்தாகக் குடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பொறாமையில்தான் உங்களைக் கவனித்தேன். டாக்டர் அவளை எடை நிறுத்துப் பார்த்து எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடமாட்டீர்கள். "அரிப்பு அடங்கலன்னு ஒடனே இன்னொரு வாட்டி குடுக்கக் கூடாது. சளி மருந்துலயும் இதே சரக்கு இருக்கும், பாத்துக்கோ" என்பீர்கள். நான் கேட்காதது போல நின்று எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து யாரோ வீட்டு விருந்தில் சாந்தி தனக்கு ஆகாத எறாவைத் தின்றுவிட்டாள். உங்களுக்கு அன்று டூட்டி. நானே அளந்து ஊற்றினேன், முதல் தடவையாகத் துப்பாமல் குடித்துவிட்டாள். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். ஆனால் அரிப்பு அடங்கவில்லை. மூக்கும் ஒழுகியது. என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தன், கடையிலிருந்து சளி மருந்து வாங்கி வந்தார். லேபிளைப் படித்தேன். அதே மருந்தின் பெயர்.

"இது வாணாம். ரெண்டும் ஒண்ணு" என்றேன்.

"புள்ள இப்டி அழுவுது, நீ இன்னா கல்லு மாதிரி நிக்கிற?"

கத்தட்டும் என்று பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் உதடு வீங்கியது. குரல் கரகரத்தது, மூச்சு இழுத்தது. இனி சிரப்புக்கு வேலையில்லை என்று புரிந்தது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். செங்கல் லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினீர்கள்.

ஊசி போட்டபின் மூச்சு சீரானது. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று டாக்டர் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். வேறெதுவும் கொடுக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் உங்கள் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார். அந்த நிமிஷம் உங்களை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா அக்கா?

"நான் இன்னா பண்ணேன் டாக்டர்? பெத்தவ பாத்துகினா" என்றீர்கள்.

சாந்தி கண் விழித்து, "பெரிம்மா" என்று கையை நீட்டினாள். நீங்கள் தூக்கவில்லை. ட்ரேயை எடுத்துக்கொண்டு, "வேலை கீதுடி, அம்மாகிட்ட போ" என்று திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அவள் என் தோளில் சாய்ந்தாள். விட்டுக்கொடுப்பதிலும் நீங்களே ஜெயித்தீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நன்றி என்ற வார்த்தை அன்று வாயில் வரவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று, கல்லறையில் அழுதுகொண்டிருந்த சாந்தியைத் தேற்ற வந்த ஒரு அம்மாள், "பெத்த தாயா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இன்னும் பொறாமை போகவில்லை, அக்கா. யாரிடம் போய்க் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.