டிவேன் வீட்டுப் பெஞ்சு

கில்டரா,
லீட்ரிம் மாவட்டம், அயர்லாந்து.
செப்டம்பர் 9

அன்புள்ள மகள் நெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீயும் நலமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாய், அது நியாயம்தான். கடிதம் என்றால் இன்று தூக்கிப் போட்டாலும் நாளைக்குக் குப்பைக்கூடையிலிருந்து எடுக்கலாம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மழை விடவில்லை. சிவப்புப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது. உன் கல்யாணத்துக்கு அம்மா டிக்கெட் எடுத்துவிட்டாள், ஒன்றே ஒன்று. அதைச் சமையலறை அலமாரியில் என் கண்ணில் படும்படி சாத்தி வைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம், நெஸ்ஸா. பத்து நாளாகத் தேநீர்கூடக் கசக்கிறது. யார் மேல் என்றால் முதலில் ஒரு செத்தவர் மேல். என் தாத்தாவைப் பெற்ற ஓவன் டிவேன் மேல்.

ஆற்று வயல் கதையை நீ தொட்டிலிலேயே கேட்டவள். கில்மார்ட்டின்கள் நம் வயலைப் பறிக்க, ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரனான மாளிகைக்காரன் காலில் விழுந்தார்கள், ஓவன் ஒற்றை ஆளாக நின்று காத்தார். இந்தக் கதையை வைத்துத்தான் என் அப்பா அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போகவில்லை. இதை வைத்துத்தான் நானும், போன கிறிஸ்துமஸுக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற கஹல் கில்மார்ட்டினிடம், 'நிலம் பறிச்ச ரத்தம் என் வாசப்படி ஏறக் கூடாது' என்று கத்தினேன். நீ பெட்டியைக்கூடத் திறக்காமல் திரும்பிப் போனாய்.

மாளிகையின் கடைசி வாரிசு பரணில் கிடந்த காகிதங்களை, எலி தின்றது போக நாற்பது பெட்டி, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். குத்தகைக்காரர்கள் மாளிகையின் ஏஜென்டுக்கு எழுதிய கடிதங்கள்கூட அதில் உண்டு என்று கேள்விப்பட்டேன். உன் அப்பன் சும்மா இருப்பானா? கில்மார்ட்டின்களின் களவை எழுத்து மூலமாகவே படித்துக் காட்டுகிறேன், வெள்ளிக்கிழமை எல்லோரும் ஊர் மன்றத்துக்கு வாருங்கள் என்று கோயில் அறிவிப்புத் தாளில் போட்டுவிட்டேன். 'கடுதாசியப் பாக்குறதுக்கு முன்னாடியே தண்டோரா போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்' என்றாள் அம்மா.

காப்பகத்தில் என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். சாண்ட்விச்சை வெளியே வைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் கடிதத்தைக் கைக்குழந்தை மாதிரி ஒரு தலையணையில் கிடத்தினாள். கோழி கிளறியது போன்ற கையெழுத்து, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'நீயே படிம்மா. சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்' என்றேன். பூர்வீகம் தேடி வந்த அமெரிக்கத் தம்பதிகூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

படித்தாள். 1882, மார்ச். ஓவன் டிவேன் ஏஜென்ட் ஐயாவுக்கு எழுதிய விண்ணப்பம். விதவை கில்மார்ட்டின் தன் அண்ணன் குடும்பத்தைக் குத்தகை விதியை மீறி, உத்தரவில்லாமல் வீட்டுக்குள் வைத்திருக்கிறாள், விடியற்காலையில் வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம், அவளை வெளியேற்றினால் அவளுடைய ஆற்று வயலை இந்த ஏழைக்குத் தர வேண்டும் என்று. படிக்கப் படிக்க அந்தப் பெண்ணின் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. சத்தமாகப் படிக்கச் சொன்னவனே நான்தான். இப்போது நிறுத்து என்று எப்படிச் சொல்ல?

அடுத்த காகிதம் இன்னும் மோசம். ஆறு மாதம் கழித்து அதே ஓவன் அழுகிறார். வயல் கைக்கு வந்ததிலிருந்து கடையில் மாவு தர மறுக்கிறார்கள், பூசையில் நானும் என் பிள்ளைகளும் உட்காரும் பெஞ்சில் ஒருவரும் உட்காருவதில்லை, கதவோரத்தில் தனியாகக் கிடக்கிறோம் என்று.

கதவோரப் பெஞ்சு! கோயிலில் உனக்குப் புது நன்மை, முதல் நற்கருணை, கொடுத்த அன்று, 'இது டிவேன் வீட்டுப் பெஞ்சு, இதுல உக்கார இந்த ஊருல எவனுக்கும் தைரியம் கெடையாது' என்று மார் தட்டினேனே, அதே பெஞ்சு. ஊர் ஒதுக்கிவைத்த இடத்தில் நாலு தலைமுறையாக உட்கார்ந்துகொண்டு அதைச் சிம்மாசனம் என்று நினைத்திருக்கிறோம். ஓவனுக்கு உண்மை தெரியும். தெரிந்தே பிள்ளைகளிடம் மாற்றிச் சொன்னார். கிழவர் கையில் கிடைத்தால் அந்த ஆற்றிலேயே அமுக்குவேன்.

அதே வெறியில் கஹலின் அம்மா பெர்னியிடம் போனேன். உனக்கு இது தெரியுமா என்றேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, தெரியும், எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வதுதான் என்றாள். உச்சந்தலை கொதித்தது எனக்கு. 'முப்பது வருஷமா நான் கத்திட்டுத் திரிஞ்சேன், ஒரு வார்த்த சொல்லலியே' என்றேன். 'குரைக்கிற நாய்கிட்ட போயி யாராவது கடுதாசியக் காட்டுவாங்களா ஃபின்டன்? சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? உக்காரு, டீ ஆறுது' என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த டீயைத்தான் தாங்க முடியவில்லை. குடிக்காமல் வந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, இனி அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் எழுபது பேர். என் அவமானத்துக்கு நானே அழைப்பு வைத்திருந்தேனே. தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். 'ஓவன் ஒருத்தர் போதும் இந்த வீட்டுக்கு' என்றாள். போய், காப்பகப் பெண் தெளிவாக எழுதிக் கொடுத்த நகலை வைத்து இரண்டு கடிதத்தையும் வரி விடாமல் படித்தேன். கஹலை வாசலில் வைத்துச் சொன்னதையும் அப்படியே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் அவர்கள் மேலும் கோபம் வந்திருக்கும்.

ஞாயிறு பூசையில் நம் பெஞ்சில் நானும் அம்மாவும். பெர்னி முன்வரிசையிலிருந்து எழுந்து கோயில் நீளம் முழுக்க நடந்து வந்தாள். 'தள்ளி உக்காருய்யா, எவ்வளவு எடத்தத்தான் பிடிச்சு வச்சிருப்ப' என்றாள். தள்ளி உட்கார்ந்தேன்.

ஆற்று வயலில் அன்றிலிருந்து மாட்டை விடவில்லை. புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று நீயும் கஹலும்தான் சொல்ல வேண்டும். கஹலுக்குத் தனியாக எழுதப் பார்த்தேன், மூன்று தாளைக் கிழித்ததுதான் மிச்சம். நேரில்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

விமானத்தில் தன் பக்கத்து இருக்கை இன்னும் காலியாக இருப்பதாக அம்மா தற்செயலாக மூன்று முறை சொல்லிவிட்டாள். நீ சரி என்றால்தான் எடுப்பேன். பெண்ணின் அப்பா என்று முன்னால் உட்காரவைக்க வேண்டாம். கதவோரத்தில் ஓர் இடம் போட்டாலும் வருவேன், எனக்குப் பழகிய இடம். பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். இருவரையும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா